மேலூர் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம்

கண்டக்டர் கனகலட்சுமி காலை ஐந்தே காலுக்குத் திருமங்கலத்தில் ஏறினால், கடைசி நடை முடிந்து வண்டி ஷெட்டுக்குப் போகும்வரை ஒதுங்கப் போக மாட்டாள். திருமங்கலம்–மேலூர் ரூட்டில் அவளுக்கு அப்படி ஒரு பெயர். நல்லகாமன் முதலாளியின் நான்கு பஸ்களுக்கும் சேர்த்து பெண் கண்டக்டர் அவள் ஒருத்திதான். சேர்ந்த புதிதில், பொம்பளை ஆள் அடிக்கடி இறங்கி நிற்கும், டைமிங் போய்விடும் என்று ஷெட்டில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். மூன்று வருஷமாக அவளால் எந்த நடையும் ஒரு நிமிடம்கூடத் தாமதமானதில்லை.

அடக்குவதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. காலையில் அரை டம்ளர் காபி. அப்புறம் தொண்டையை நனைக்கத் தண்ணீர், அவ்வளவுதான். நெருக்கினால் பின்படிக் கம்பியில் சாய்ந்து, காலை மாற்றிப் போட்டு, டிக்கெட் கிழித்துக்கொண்டே நான்கு ஸ்டாப் தள்ளுவாள். அதற்குள் நெருக்கல் தானாகப் போய்விடும். வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் இப்படித்தானே என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மேலூர் ஸ்டாண்டில் வண்டி பன்னிரண்டு நிமிடம் நிற்கும். கழிப்பறை ஸ்டாண்டின் அந்தக் கோடியில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கண்டக்டருக்குச் சொந்தமில்லை. படியில் நின்று "மதுரை, திருமங்கலம்" என்று கூவி ஆள் ஏற்ற வேண்டும். வாய் ஓய்ந்தால் கூட்டம் பக்கத்து வண்டிக்குச் சாய்ந்துவிடும். டிரைவர் பேயாண்டி இறங்குவார், ஒதுங்கிவிட்டு முகம் கழுவுவார், டீக்கடையில் பேப்பரை விரிப்பார். டிரைவர் கூவுவது என்பது அந்த ரூட்டில் இல்லாத வழக்கம். ஸ்டியரிங் பிடிக்கிறவர் ஆள் கூப்பிட்டால் மரியாதை என்ன ஆவது?

பங்குனி பிறந்ததும் நீர்க்கடுப்பு வந்தது. சூடு என்றே எல்லாரும் சொன்னார்கள். இன்ஜின் சூட்டிலேயே நின்றால் வேறென்ன வரும் என்றார் பேயாண்டி. கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினாள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள், ஞாயிற்றுக்கிழமை இளநீர் குடித்தாள். திங்கட்கிழமை திரும்பவும் எரிந்தது. எரிகிறதே என்று, குடிக்கிற துளித் தண்ணீரையும் குறைத்தாள்.

ஒரு புதன்கிழமை பகல் நடையில், பழங்காநத்தம் தாண்டும்போது அவளுக்கு நடுக்கம் எடுத்தது. வெளியே கொளுத்துகிற வெயில். அவளுக்குப் பல் கிட்டியது. விலாவுக்குக் கீழே முதுகில் யாரோ கம்பியால் குத்துகிற மாதிரி வலி. கண்ணாடியில் அதைப் பார்த்த பேயாண்டி, பசுமலையில் ஒரு நர்சிங் ஹோம் வாசலில் வண்டியை ஓரங்கட்டினார். அவருடைய சர்வீசில் ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

காய்ச்சல் இறங்கிய நான்காம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, முட்டியதும் சொல்லச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை என்றாள் கனகலட்சுமி. படுக்கவைத்துப் பார்த்தால் மூத்திரப்பை அடிவயிறு முழுக்க வீங்கிக் கிடந்தது. போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தபோதும் நூற்று எழுபது மில்லி உள்ளேயே நின்றது.

டாக்டர் ராஜஸ்ரீ ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாள் என்று கேட்டார். காலையில் ஒன்று, வேலை முடிந்து வீட்டுக்குப் போய் ஒன்று என்றாள் இவள், நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி.

"எப்பவாவது ஒருநாள் அடக்குனா ஒண்ணும் ஆகாதும்மா. நீங்க மூணு வருஷமா தினமும் அடக்கியிருக்கீங்க. மூத்திரப்பை ஒரு தசை. இழுபட்டு இழுபட்டு அதுக்குச் சுருங்குற வலு போயிருச்சு. அது கூப்பிட்டுக் கூப்பிட்டு நீங்க போகல, இப்ப கூப்பிடுறதையே விட்டிருச்சு."

சூடு இல்லையா என்று கேட்டாள்.

"கிருமி. தண்ணி குடிக்காம, முழுசாவும் போகாம இருந்தா, உள்ள தங்குறதுல அது பெருகும். மேல ஏறி கிட்னியத் தொட்டிருக்கு. அதுதான் அந்தக் குளிர்."

மருந்து தந்தார். மருந்தைவிட முக்கியம் என்று ஒன்றும் சொன்னார்: தண்ணீர் குடிக்க வேண்டும், நெருக்கினாலும் நெருக்காவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போய் நிதானமாக உட்கார வேண்டும். மூன்று மாதத்தில் மறு ஸ்கேன். தேறவில்லை என்றால் இந்த வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

வேலையை விடுவதா? அந்தத் தோல்பையைத் தோளில் மாட்டுவதற்கு வீட்டில் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

திரும்பி வந்த முதல் நாள், மேலூரில் வண்டி நின்றதும் விசிலை பேயாண்டி கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, அஞ்சு நிமிசம். ஆளக் கூப்பிடுங்க, போயிட்டு வாரேன்" என்று இறங்கி நடந்தாள். வந்து பார்த்தால் பாதி சீட் காலி. பேயாண்டி வாயே திறக்கவில்லை. விஷயம் முதலாளிக்குப் போனது. ஒரு வாரம் பார்க்கிறேன், வண்டி இப்படியே காலியாக ஓடினால் வேறு ஆள் போடுவேன் என்று போனிலேயே முடித்துவிட்டார் நல்லகாமன்.

மறுநாள் வண்டி எடுக்கும் முன் அவள் டிரைவர் சீட் பக்கம் போய் நின்றாள்.

"அண்ணே, நேத்து நீங்க எம்புட்டுத் தடவ ஒதுங்கப் போனீங்க?"

அவர் யோசித்தார். "அஞ்சு இருக்கும். எதுக்குக் கேக்குற?"

"மூணு வருசமா நான் எம்புட்டுத் தடவ போயிருக்கேன், கண்ணாடியில பாத்திருப்பீங்கள்ல?"

பேயாண்டி கண்ணாடியைப் பார்த்தார்.

அன்று மேலூரில் சீட்டில் இருந்தபடியே, சாமிக்கு நேர்ந்துகொள்கிற குரலில், "மதுர..." என்றார். பூக்காரப் பெண்கள் சிரித்தார்கள். "என்ன மாமா, மதுரைக்கா இல்ல மயானத்துக்கா? சத்தத்தையே காணோம்" என்றாள் ஒருத்தி. ரோஷம் வந்துவிட்டது மனுஷனுக்கு. கதவைத் திறந்து இறங்கி, படியில் ஏறி நின்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், ஸ்டாண்டில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் அந்தத் தொண்டையை டீக்கடையில் வீணாக்கியிருக்கிறார். கனகலட்சுமி திரும்பி வந்தபோது நிற்கத்தான் இடம்.

வாரம் முடிந்தது, முதலாளி வேறு ஆள் போடவில்லை. மாசம் திரும்புவதற்குள் நான்கு வண்டியிலும் இரண்டு முனையிலும் டிரைவர் ஐந்து நிமிடம் ஆள் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆம்பளைக் கண்டக்டர்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. அவர்களும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், சொன்னதில்லை. பக்கத்து வண்டி டிரைவர் தன் கூட்டம் போகிறதென்று சண்டைக்கு வந்தபோது பேயாண்டி, "நீயும் இறங்கிக் கூவு மாப்ள, யாரு வேணாங்குறா" என்றார்.

மூன்று மாதம் கழித்து, ஆனியில், அதே ஸ்கேன் அறை வாசல். ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்னால் ஏழு பேர். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பயமாக இருந்தது. ஐம்பதாவது நிமிடம் அடிவயிற்றில் சின்னதாக ஓர் அழுத்தம். காலை மாற்றிப் போட்டாள். அழுத்தம் போகவில்லை. நான்கு ஸ்டாப் தள்ளுகிற வித்தையெல்லாம் பலிக்கவில்லை. அது இன்னும் உரிமையோடு அழுத்தியது. கனகலட்சுமி எழுந்தாள். வரிசையில் இருந்த ஏழு பேரையும் பார்த்து, பஸ்ஸில் கூவுகிற அதே குரலில் சொன்னாள்:

"எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க. எனக்கு வந்திருச்சு."

முகமெல்லாம் சிரிப்பாக அவள் உள்ளே போனாள். போய்விட்டு வந்தபின் பையில் நின்றது வெறும் இருபது மில்லி.