பாதை வரும்வரை

கண்டியிலிருந்து லொறியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போன எங்கள் கூட்டத்தில் அவர்தான் பருமன். கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர், எல்லாருக்கும் 'நானா', அதாவது அண்ணன். கால்சட்டை நுனியைச் சொக்சுக்குள் செருகியிருந்தார். வழியில் யாரைக் கண்டாலும் இறங்கி நின்று பேசுவார்.

நானோ கண்டியின் ஹந்தானை மலையேற்றத்தில் மாதக்கணக்காகப் பழகியவன். தீவுச் சாலையின் எதிர்க்காற்றில் மூச்சுவாங்க மிதித்து, முதல் ஆளாக ஊர்காவற்துறை இறங்குதுறையை அடைந்தேன். அங்கிருந்து கடலைக் கடந்து காரைநகர் போக வேண்டும்.

"பாதை அங்கால நிக்குது. வரும், பொறுங்கோ," என்றார் ஒரு மீனவர். ஆளையும் சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு அந்த ஊரில் பாதை என்று பெயர்.

வெயிலில் காத்து நின்றேன். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பாதை கரையைத் தொட்ட அதே நேரத்தில் நானா வந்தார்; காலைக்கூட ஊன்றாமல் அப்படியே அதில் ஏறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, வழியில பூநாரைக் கூட்டத்தப் பாத்தீங்க தானே? தண்ணி முழுக்க ரோஸ் கலர்."

நான் வழியெல்லாம் பார்த்தது என் முன்சக்கரத்தைத்தான். அதற்குள் மற்றவர்கள், "யார் பாத்தது, எங்க?" என்று சூழ்ந்துகொண்டார்கள்.

நானா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "நானும் தம்பியும் பாத்தோம்," என்றார்.

இன்றைக்கும் கண்டி வாவிக்கரையில் அவரைக் கண்டால் வயிறு எரிகிறது. பறவைகளைப் பார்த்ததையாவது மன்னித்துவிடலாம். அதில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்துபோன மனிதரை என்ன செய்வது?