கிட்டாரின் இரண்டாவது தகடு

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் சோறு ஒரு வழக்காகிவிட்டது. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிய, முழங்கை வரைக்கும் பிளாஸ்டர். இடது கைக்கு ஒன்றுமில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தக் கையால் சாப்பிட மாட்டேன் என்று ஒரே பிடி.

"இது சோத்துக்கையா?" என்று இடது கையைத் தூக்கிக் காட்டுவார். "சோத்துக்கை கட்டுக்குள்ள கிடக்கு."

எங்கள் பக்கத்தில் வலது கைக்கு வீட்டில் வழங்கும் பெயர் அதுதான். மற்றக் கைக்கும் ஒரு பெயர் உண்டு. அது எதைக் கழுவுகிறதோ அதை வைத்துச் சொல்லும் பெயர், இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. கரண்டி கொடுத்துப் பார்த்தேன். கரண்டியைப் பிடிப்பதும் அந்தக் கைதானே என்று திருப்பித் தந்துவிட்டார்.

நான் பாசிக்குடாவில் ஒரு கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். புளியந்தீவிலிருந்து விடிய பஸ் எடுத்தால் வீடு திரும்பும்போது பொழுது பட்டுவிடும். காலையில் நான் அவசரமாகத் தீத்தும், அதாவது ஊட்டிவிடும், நாலு வாய்தான், பின்னேரம் வரைக்கும் அம்மாவுக்கு வேறொன்றும் இல்லை. அடுத்த வீட்டு அக்கா தீத்த வந்தால் "பசிக்கல்ல மகள், மறுகா பாப்பம்" என்று அனுப்பிவிடுவார். மறுகா என்றால் எங்கள் ஊரில் பிறகு. அம்மாவின் அகராதியில் அதற்கு ஒருபோதும் இல்லை என்று பொருள். கன்னம் ஒட்டிப்போனது. ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகளை வெறும் வயிற்றில் போட்டுத் தலை சுற்றியது. இப்படியே போனால் இன்னொரு தரம் விழுவா, அடுத்த முறை இடுப்பு உடையும் என்று டொக்டர் என்னைத்தான் ஏசினார். நானும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் ஆள். அன்று வழி நெடுக ஓட்டோவுக்குள் அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன்.

அதே மாதத்தில்தான் அப்பாவின் முதலாம் வருட நினைவுத் திருப்பலி வந்தது. அப்பா புளியந்தீவுப் பறங்கியர், அந்தக் காலத்து ஐரோப்பியர் வழி வந்தவர். தச்சு வேலை அவருக்குச் சோறு போட்டது, கிட்டார் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. கலியாண வீடானாலும் கோவில் பாடகர் குழுவானாலும் அவர் இல்லாமல் நடக்காது. அவருடைய கிட்டாரையே பூசையில் வாசிக்க வேண்டும் என்று பாடகர் குழுவில் கேட்டார்கள். சுவரிலிருந்து இறக்கிப் பார்த்தேன். தந்திகளை மாற்றலாம், தூசியைத் துடைக்கலாம். தகடுதான் பிரச்சினை.

தந்தியை அடிக்கும் பிக் உரசி மரம் தேயாதிருக்க, கிட்டாரின் வட்டத் துளைக்குக் கீழே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பார்கள். கடையில் பிக்கார்ட் என்பார்கள், அப்பா ஏப்பிரன் என்பார். எங்கள் கிட்டாரின் ஏப்பிரன் ஒரு இடத்தில் வெளுத்து, இன்னொரு இடத்தில் ஓட்டை விழுந்து, ஓரம் கிளம்பிச் சட்டைக் கையில் கொழுவியது. எங்கள் கிட்டாருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. துளைக்கு மேலேயும் ஒரு தகடு. ஒருவரும் கை வைக்காத பக்கம் என்பதால் அது பளபளவென்று அப்படியே இருந்தது. சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அழகுக்கு மகள். வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு செட்டையா இரிக்கும்?" என்றார் அப்பா. கொஞ்சம் கோணலாக வெட்டப்பட்ட அந்தச் செட்டையை நான் நாற்பது வயது வரைக்கும் அழகு என்றே நம்பினேன்.

ஒட்டும் பசையோடு வரும் தகட்டுத் தாள் கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்து, கிட்டாரைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தினேன். அம்மா ஜன்னலோரக் கதிரையில் வாவியைப் பார்த்தபடி இருந்தார். என் கையில் இந்த வேலை உருப்படாது என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. நான் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பிறந்தவள் என்பது அப்பா எனக்கு வைத்த பட்டம். கோப்பை விழும், திறப்புக் கொத்து விழும். என் எழுத்தை என்னாலேயே வாசிக்க ஏலாது. அப்பா என்னை மடியில் வைத்துக் கிட்டார் பழக்கிப் பார்த்திருக்கிறார். வலது கை தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வரும். ஒருநாள் அவர் "கிட்டாரக் கிறுக்கி, மற்றப் பக்கம் திருப்பிப் பிடிச்சுப் பாரு மகள்" என்று சொல்லத் தொடங்கியதும் குசினியில் ஒரு சட்டி படாரென்று விழுந்தது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் அம்மாவும் பாத்திரங்களைக் கீழே போடுகிறார் என்று எனக்கு அன்று ஆறுதலாக இருந்தது, அதனால்தான் நினைவிருக்கிறது.

ஹெயார் டிரையரால் கீழ்த் தகட்டைச் சூடாக்கி, இளகிய ஓரத்துக்குள் மீன்பிடிக்கும் தங்கூசி நூலை விட்டு, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தேன். வழிவிட்டு வந்தது. அடியில் மரம் புதுசாக, வெளிர் மஞ்சளாக இருந்தது. தகடு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் புதுத் தகட்டின் கறுப்பும் மேல் தகட்டின் கறுப்பும் ஒத்துவராது போல் தெரிந்தது. மேலேயும் மாற்றிவிடலாம் என்று டிரையரை அங்கே பிடித்தேன்.

"அத விடு," என்றார் அம்மா.

"ஒரு நிமிசம் அம்மா."

"அது நல்லாத்தானே இரிக்கு. அத விடு எண்டு சொல்றன்."

நான் யார் சொல்லிக் கேட்டேன்? நூலை விட்டு இழுத்தேன்.

அடியில் வெளிர் மஞ்சளே இல்லை. வார்னிஷ் முழுக்கப் போய், மரம் வியர்வையில் கறுத்து, அரைவட்டமாகக் கீறல் மேல் கீறல். சில இடத்தில் விரல் நகம் புதையும் அளவுக்குப் பள்ளம். ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை அது. யாரோ வருடக்கணக்கில் அந்தப் பக்கத்தில் பிக்கால் அடித்து வாசித்திருக்கிறார்கள். அப்பா இந்தக் கிட்டாரைப் புதிதாக வாங்கியவர், இன்னொருவர் கைக்குக் கொடுத்ததே இல்லை. அவருடைய கை இந்தப் பக்கம் வரவும் வராது.

கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். பிறகு, வேறு வழியில்லாமல், தலைகீழாகக் கிறுக்கி வைத்துப் பார்த்தேன். மேல் பக்கம் கீழே வந்தது. கீறல்கள் எல்லாம் என் இடது கைக்கு நேராக வந்து நின்றன. இடது கைக்காரர் ஒருவரின் கிட்டார்.

அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டர் போட்ட கை மடியில் கிடந்தது. இடது கை, அவருக்கே தெரியாமல், முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களா?" என்று கேட்டேன். அம்மா பாடியதைக்கூட நான் கேட்டதில்லை. கிட்டாரைத் துடைக்கும்போதும் துணியின் நுனியால்தான் தொடுவார்.

"ஓம்," என்றார். "உங்கட அப்பாதான் பழக்கினவர். கம்பியொண்டும் மாத்தல்ல. அப்பிடியே கிறுக்கித் தந்தார்."

அம்மா வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், ஒரு வயற்காரரின் மகள். அன்று அவர் சொன்னவை எதுவும் எனக்கு அதுவரை தெரியாது. பிறந்ததிலிருந்து இடக்கை. வயல் வட்டையில் வேளாண்மை வெட்டிச் சூடடித்து நெல் பிரிக்கும் நாட்களில் மற்றப் பெண்கள் களத்துக்குச் சோறு கொண்டுபோய்ப் பரிமாற, அம்மாவை மட்டும் வீட்டில் விட்டுவிடுவார்களாம். அவள் கைபட்டால் நெல்லுப் பொலியாது என்ற பேச்சு. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் தண்ணீர்ச் செம்பை எந்தக் கையால் கொடுத்தாள் என்று பார்த்துவிட்டு எழும்பிப் போனார்களாம். மறுகா, வீட்டுக்கு நிலை வைக்க வந்த பறங்கித் தச்சர் அந்தக் கையால் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கிறார்.

"பிறகு ஏன் விட்டீங்க? ஏன் மூடினீங்க? அப்பாவா மூடினார்?" என் குரல் உயர்ந்துவிட்டது. அப்பாவை ஒரு நிமிடம் வெறுத்தேன். செத்து ஒரு வருடமான மனிதரை, அதுவும் அவருடைய நினைவுப் பூசைக்கு வேலை செய்துகொண்டே.

"நான்தான் மூடச் சொன்னன். அவருக்கு விருப்பமில்ல. விருப்பமில்லாம வெட்டித்தான் அது கோணல்."

"ஏன்?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார்.

"நான் வாசிக்கக்குள்ள நீ முன்னுக்கு வந்து குந்துவாய். பாத்துப் பாத்து எல்லாத்தையும் அந்தக் கையாலதான் எடுப்பாய். பிஸ்கட்டும் அந்தக் கை, பென்சிலும் அந்தக் கை. என்னப் பாத்துத்தான் பழகுறாய் எண்டு நினைச்சன். வாசிக்கிறத விட்டன். நீ விடல்ல."

"நானும் இடக்கையா?"

"நான் அடிக்கல்ல மகள். ஒரு நாளும் அடிக்கல்ல. கையில உள்ளத வாங்கி மற்றக் கையில வைப்பன். அவ்வளவுதான்."

"எவ்வளவு காலம்?"

"நீ மறக்குமட்டும்."

எழும்பிக் குசினிக்குப் போய் அங்கே நின்றேன். விழுந்த கோப்பைகள், என் கோழிக் கிறுக்கல் எழுத்து, தாளத்துக்குப் பின்னால் நொண்டிய கை எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. நாற்பது வருடம் நான் என்னை ஏசிய ஏச்செல்லாம் யாருக்குச் சேர வேண்டியது? ஒரு மனுசி தன் கையை எடுத்து ஒளித்தது போதாதென்று என் கையையும் எடுத்து ஒளித்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறார். கோபத்தில் அழுகை வந்தது. அதோடு ஒரு காட்சியும் வந்தது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அப்பாவின் தமக்கை வீட்டில் முள்ளுக்கரண்டியும் கத்தியும் வைத்துச் சாப்பாடு. அந்த மேசையில் முள்ளை இடது கையில் பிடிப்பதுதான் மரியாதை. வயற்காரர் வீட்டிலிருந்து வந்த அம்மா அதை எவ்வளவு நறுவிசாகப் பிடிப்பார் என்று மாமி வருடா வருடம் வியந்து சொல்லுவார். அம்மா வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது அங்கேதான். நானும் அந்த மேசையில் எதையும் கொட்டியதில்லை.

சோறு போட்டேன். மீன் குழம்பு, கீரை. ஒரே தட்டுத்தான். மேசையில் கிட்டாரைத் தள்ளிவிட்டு, அம்மாவின் கதிரையை மேசையோடு இழுத்து, அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இண்டைக்குத் தீத்த மாட்டன்," என்றேன்.

"வேணாம். எனக்குப் பசிக்கல்ல."

"எனக்குப் பசிக்கிது."

வேண்டுமென்றேதான் செய்தேன். இடது கையைத் தட்டுக்குள் வைத்துச் சோற்றைப் பிசைந்தேன். அருவருப்பாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இத்தனை வருடம் அந்தக் கைக்குச் சொல்லி வைத்த பெயர் லேசில் போகுமா? ஆனாலும் விரல்கள் சோற்றை உருட்டின. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவையாகவே உருட்டின. ஒரு பருக்கை சிந்தவில்லை. உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனேன்.

பாதி வழியில் அம்மா அதைப் பிடித்துவிட்டார். யோசித்துச் செய்த காரியமில்லை. கதிரையிலிருந்து முன்னால் சரிந்து, என் கையிலிருந்த உருண்டையை வாங்கி மற்றக் கையில் வைக்க வந்தார். அந்த வேகத்தையும் அந்தப் பிடியையும் என் கை அடையாளம் கண்டது. எனக்கு நினைவில்லாத வயதிலிருந்து அதற்கு நினைவிருக்கிறது.

ஆனால் அம்மாவின் வலது கை பிளாஸ்டருக்குள் இருந்தது. உருண்டை அவருடைய இடது கையில் இருந்தது.

அம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சோற்றோடு அந்தக் கை மேசைக்கு மேலே நின்றது. நான் என் வலது கையை நீட்டவில்லை. மேசைக்குக் கீழே, மடியில், இறுகப் பொத்தி வைத்திருந்தேன்.

அம்மா உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிக்க நேரம் எடுத்தது. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"உப்புக் காணாது, புள்ள," என்றார்.