மடியில் வரும் பிள்ளைக்குக் கணக்கில்லை

மதியம் இரண்டு பத்துக்கு முதல் ஜீப் ஸ்டோர் வாசலில் வந்து நின்றது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. வகுத்தல் கணக்கு பாதியில் இருக்கும்போது ஹாரன் அடிக்கிறாரே என்று எரிச்சலோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மழை அதற்குச் சற்று முன்புதான் பிடித்திருந்தது. எதிர்ச் சரிவு ஏற்கெனவே மறைந்துவிட்டது. ஏலச்செடிகளின் மேல் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் இருப்பது செடியா ஆளா என்று தெரியாமல் இருந்தது.

"வெரசா ஏறுங்க டீச்சரம்மா. மெட்டுல கல்லு உருளுதாம். இன்னும் செத்த நேரம் நின்னோம்னா இங்கனயே பாயை விரிக்க வேண்டியதுதான்" என்றார் டிரைவர்.

ஸ்டோர் என்பது, மெட்டு என்ற மலைக்கணவாயைத் தாண்டிக் கேரளப் பக்கத்துத் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். காய் எடுப்பு தொடங்கும்வரை, கோடை முழுக்க அது காலியாகத்தான் கிடக்கும். அங்கேதான் நான் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். சம்பளத்துக்கு இல்லை. யாரும் கேட்டும் இல்லை.

போடியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் பள்ளியாண்டு ஜூனில் தொடங்குகிறது என்று பெயர். உண்மையில் அது மலைக்குப் போகும் ஜீப்புகளின் போக்கில்தான் நடக்கும். காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் பின் வரிசை காலியாகும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நின்றுவிடும். தைக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பும். முழுப்பரீட்சை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் அம்மாக்களோடு விடியற்காலையில் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். வீட்டில் விட்டுப்போக ஆள் இருக்காது. மருந்தடித்த செடிகளுக்குள் பகல் முழுக்க விளையாடி, உள்ளங்கைத் தோல் உரிந்து ஜூனில் என் முன்னால் வந்து உட்காருவார்கள். வாய்ப்பாடு மறந்தது எனக்குப் பெரிய கவலையாக இல்லை. அந்தக் கைகளைத்தான் பார்க்க முடியவில்லை.

தோட்டக்காரரிடம் கேட்டேன். "கோடையிலே சும்மா கெடக்குறதுதானே, தாராளமா எடுத்துக்கங்க" என்று ஸ்டோரைத் திறந்துவிட்டார். ஜீப்பில் பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள். "லீவுலகூட இந்த டீச்சருக்குக் கை அரிக்குது பாரு. காத்தால பத்து அதட்டு அதட்டலைன்னா சோறு எறங்காது போல." எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறாம் வகுப்பு முடித்திருந்த என் மகளையும் கூடவே கூட்டிப்போனேன். கணவருக்கு வெளியூரில் வேலை. பூட்டிய வீட்டில் அவளைத் தனியாக விட எனக்குப் பயம். சமையல் வாயு, திருடன், படிக்கட்டு என்று எதையாவது நினைத்துக்கொண்டே இருப்பேன். கண் முன்னால் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பினேன்.

அந்த ஜீப்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் டிரைவர் ஆள் எண்ணுவார். பெரியவர்களை மட்டும். மடியில் வரும் பிள்ளைக்குக் கணக்கில்லை. ஒரு மடியில் இரண்டு இருக்கும். யார் பிள்ளை யார் மடியில் என்றும் யாரும் பார்ப்பதில்லை. முன் ஜீப்பில் இடம் இருந்தால் அதில் தூக்கிப் போடுவார்கள், இல்லையென்றால் பின் ஜீப்பில். ஊர் வந்ததும் அவரவர் பிள்ளையை அவரவர் பொறுக்கிக்கொள்வார்கள். "அண்ணே, நீ ஆளு ஏத்துறியா, மூட்டை அடுக்குறியா?" என்று ஒருத்தி கேட்பாள். "மூட்டைன்னா பேசாம வரும் ஆத்தா" என்பார் அவர். தினமும் இதே சிரிப்புத்தான். ஒரு நாளும் ஒரு பிள்ளையும் தவறியதில்லை என்பதால் எனக்கும் அது பழகிப்போயிற்று.

அன்று வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் முதல் ஜீப்பில் ஏற்றினேன். மூன்று வயதுக் குழந்தை ஒன்று மட்டும் சாக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அம்மா ராசிங்காபுரத்துப் பெண். கீழ்க்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். கீழ்க்காட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு இரண்டாவது ஜீப் ஸ்டோர் வழியாகத்தான் எப்போதும் வரும். தூங்குகிற குழந்தையை எழுப்பி நனைப்பானேன் என்று மகளிடம் சொன்னேன்: "பாப்பாவ எழுப்பாத. பின்னால ஜீப்பு வரும், அவங்க அம்மா அதுல இருப்பாங்க. நீயும் அதுலயே வந்துரு." அவள் தலையாட்டினாள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மெட்டு இறங்கும்வரை நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் தண்ணீர் ரோட்டின் குறுக்கே செம்மண்ணாக ஓடியது. பிள்ளைகள் கத்திப் பாட்டுப் பாடினார்கள். நானும் சேர்ந்து பாடினேன்.

மலையடிவாரத்து முந்தலில் மழை இல்லை. அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது. டீக்கடை முன்னால் நின்று பின் ஜீப்புக்காகக் காத்திருந்தோம். அது வந்தது. ராசிங்காபுரத்துப் பெண் முதல் ஆளாக இறங்கி என்னிடம் வந்தாள்.

"பாப்பா எங்க டீச்சர்? தூங்கிருச்சா?"

அதே நேரம் நான் அவளிடம், "என் பொண்ணு பின்னால உக்காந்திருக்காளா?" என்று கேட்டேன்.

இரண்டு பேருக்குமே பதில் தேவைப்படவில்லை.

இரண்டாவது ஜீப்பின் டிரைவர் முகம் செத்துப்போயிற்று. "பன்னெண்டு பேரு ஏத்துனேன். பன்னெண்டும் இருக்கு. ஆளு கணக்கு சரியா இருக்கே" என்றார்.

"கணக்காம் கணக்கு! ரெண்டு புள்ளைகள மலையில விட்டுப்புட்டு கணக்குப் பாக்குறான்" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஸ்டோருக்கு ஏண்ணே போகல?" என்றேன்.

"பாதை பூராம் சேறு டீச்சரம்மா. எறங்குனா வண்டி சிக்கிக்கிரும். புள்ளைக எல்லாம் முன் ஜீப்புல போயிருக்கும்னு இவுகதான் சொன்னாக."

ராசிங்காபுரத்துப் பெண் என்னைப் பார்த்தாள். "டீச்சர்ட்ட இருக்க புள்ளை டீச்சரோடதான வரும்னு நெனச்சேன்." குற்றம் சொல்லவில்லை. நினைத்ததைச் சொன்னாள். பின்னாலிருந்து வேறொருத்திதான் சொன்னாள்: "இவுகள வந்து பாடம் நடத்தச் சொல்லி யாரு கேட்டா? காட்டுக்குள்ள விளையாண்டாலும் எங்க கண்ணு முன்னாலதான் கெடந்துச்சுக."

ஜீப்பைத் திருப்பிக்கொண்டு மேலே போனோம். பாதி மலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. மண்ணும் ஒரு பெரிய மரமும் ரோட்டில் விழுந்து கிடந்தன. நாங்கள் இறங்கிய பிறகுதான் விழுந்திருக்கிறது. மண் அள்ளும் வண்டி வரவேண்டும், அதுவரை யாரும் தாண்டக்கூடாது என்று ஒரு போலீஸ்காரர் தடுத்தார். தாண்டினாலும் மெட்டுக்கு மேல் எத்தனை தூரம் நடப்பது? ஸ்டோரில் போன் எடுக்காது. தோட்டக்காரர் மதுரைக்குப் போயிருந்தார். நான் போன் போட்டதும் அவர் யார் யாருக்கோ பேசிவிட்டு, "ஆள் அனுப்பச் சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு அவர் போனும் கிடைக்கவில்லை.

சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டிகளின் வெளிச்சம் பனிக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. இருந்திருந்தாற்போல் அங்கிருந்து ஒரு மலையாளக் குரல் கூவியது: "மேலே ரோட்டில ஆன எறங்கிட்டுண்டு! ரெண்டெண்ணம்!"

"ரெண்டு யானையாம்" என்று இந்தப் பக்கம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். "எந்தத் தோட்டத்துக்கிட்ட?" என்று எங்கள் டிரைவர் கையைக் குவித்துக் கேட்டார். அவர்கள் சொன்ன பெயர் எங்கள் தோட்டத்துக்கு அடுத்தது.

ராசிங்காபுரத்துப் பெண் ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். "அது தூங்கி எந்திரிச்சு என்னையக் காணோம்னா ஊரையே கூட்டிரும் டீச்சர். நிறுத்தவே நிறுத்தாது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்த ஸ்டோரின் கதவுதான் கண் முன்னால் நின்றது. அதற்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? ஒரு மாதமாகத் தினமும் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், நினைவில்லை. மரக்கதவா, தகரமா? ஜன்னலுக்குக் கம்பி உண்டா? எத்தனை யோசித்தும் கரும்பலகை மாட்டிய சுவர் மட்டும்தான் வந்தது.

இப்போது பள்ளி திறந்துவிட்டது. காலையில் வருகை எடுத்து முடித்ததும் இன்னொரு முறை தலைகளை எண்ணுகிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். மகள் பக்கத்து அறையில் இருக்கும்போதும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். "என்னம்மா?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். அந்தச் சாயங்காலம் இன்னும் முடியவில்லை எனக்கு.

அன்று மண் அள்ளும் வண்டி வந்து ஒரு பக்கமாக வழி எடுக்கும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்றவர்களை முதலில் இறங்கவிட்டார்கள். ஒரு பஸ் வந்தது. நாங்கள் இருவரும் அதன் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டே ஓடினோம். பிறகு லாரிகள். ஒரு கார், அதில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி, "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பின்னால் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. போலீஸ்காரர் எங்களைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

கடைசியாக ஒரு பழைய ஜீப் வந்தது. கேரள நம்பர். டிரைவர் எங்களைப் பார்த்ததுமே வண்டியை நிறுத்திவிட்டார். முன் சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குழந்தை. கண் விழித்துத்தான் இருந்தது. மகளின் வலது உள்ளங்கை அதன் வாயை மூடியிருந்தது.

"தோட்டக்காரர் போன்ல விளிச்சு சொன்னதுகொண்டு போனேன். எத்தர தட்டியும் கதவு தொறக்கல டீச்சரே" என்றார் அந்த டிரைவர் தாழ்ந்த குரலில். "ஜன்னல் வழியா என் முகத்தக் கண்டப்புறம்தான் தொறந்தது. ஆன ஸ்டோர் முற்றத்துலயே நின்னிருக்கு. இனி பயமில்ல, கைய எடு மோளேன்னு வழி முழுக்கச் சொன்னேன். கேக்கல."

நான் கதவைத் திறந்தேன். ராசிங்காபுரத்துப் பெண் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். மகள் அவளைப் பார்க்கவில்லை. என்னையும் சரியாகப் பார்த்தாளா என்று தெரியவில்லை. உதடு அசையாமல், ரகசியம் போலக் கேட்டாள்.

"போயிருச்சாம்மா? இனிமே பாப்பா அழலாமா?"