இருபது அடி சேனலும் செல்வியின் சிவப்புக் காரும்

இரும்புக் கடையில் நிற்கிறவனுக்குச் சம்பளம் இரும்பு விற்பதற்கு. யோசனை சொல்வது அவனாகச் செய்யும் தர்மம். கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் பதினொரு வருடமாக அந்தத் தர்மத்தைச் செய்துவருகிறேன். சொந்தக் கையால் எதையாவது கட்டிவிட்டு வீட்டார் முன்னால் திருதிருவென்று விழித்தவர்களே, கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

துண்டு விழக் கூடாது

சேனல் என்பது 'ப' வடிவத்தில் இருக்கும் இரும்புச் சட்டம். கடைக்கு இருபது அடி நீளத்தில் வரும். ஒருவர் ஏழடி வெட்டி வாங்கிப் போய்விட்டால், மிச்சத் துண்டு மாதக்கணக்கில் எங்கள் காலை இடறிக்கொண்டு கிடக்கும். ஆகவே எங்கள் தொழிலில் ஒரே வேதம்தான்: இருபதை இரண்டாக வெட்டு, மூன்றாக வெட்டு, இல்லையென்றால் வெட்டாதே. துண்டு விழுந்த நாளில் எனக்குச் சோறு இறங்காது.

மணலூர்பேட்டையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். இரண்டு மாட்டுக்குப் பதின்மூன்று அடியில் கொட்டகை வேண்டுமாம். இருபதடியாகப் போட்டுவிடுங்கள் என்று அரை மணி நேரம் மன்றாடினேன். பில் புத்தகத்தின் பின்னால் படம்கூட வரைந்து காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"சரிங்க, இருபதே போட்டுக்கறேன். மூணாவது மாட்ட மட்டும் நீங்க ஓட்டியாந்து கட்டிடுங்க."

செல்வியின் நிபந்தனை

என் மனைவி செல்வி வெள்ளிமலையில் நர்ஸ். எங்கள் வீடு மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில். எட்டு வருடமாக மலைப் பாதை பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறி, நின்றுகொண்டே இறங்கியவள். ஒருநாள் பெருமூச்சு விட்டாள், மறுநாள் டிரைவிங் வகுப்பில் சேர்ந்தாள், அடுத்த மாதமே சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் காருக்குச் சொல்லிவைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கார் வரும். சனிக்கிழமை காலை அதை ஓட்டிக்கொண்டு மலையேறுவாள். என்னிடம் அவள் கேட்டதெல்லாம் வெயில் படாமல் அதை நிறுத்த ஒரு ஷெட்.

வெல்டரைக் கூப்பிடலாம் என்றாள். இரும்புக் கடைக்காரன் வீட்டுக்கு வெளியாளா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ரோஷம் பாதி, ஆசை பாதி. அவளுக்காக ஒரு பொருளை என் கையாலேயே செய்து கொடுக்க வேண்டுமென்று மனசு துடித்தது. வெல்டிங் தெரியாது, அதனால் என்ன, போல்ட்டுப் போட்டு முடுக்கினால் நிற்காதா? அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"செய்யுங்க. ஆனா மொத நாளே எம் வண்டியில ஒரு கீறல் வுழுந்துச்சி, அப்புறம் இந்த வூட்ல நீங்க ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."

பன்னிரண்டு ஓட்டைகள்

காரின் அகலம் ஐந்தரை அடி. கூரைக்குக் குறுக்கே போட இருபதடிச் சேனலை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறடி எட்டு அங்குலம். காரைவிட ஓரடிக்கு மேலேயே அகலம், துண்டும் கிடையாது! காகிதத்தில் இந்தக் கணக்கு வந்தபோது நான் நாற்காலியிலிருந்து குதித்தேவிட்டேன். கம்பங்களுக்கு இருபதை இரண்டாக வெட்டி, இரண்டடி மண்ணில் புதைத்தாயிற்று. தெரு ஆடு மாடுகள் காரில் வந்து முதுகு தேய்க்குமே, அதற்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் நீளவாட்டில் ஒவ்வொரு முழுச் சேனல், தடுப்பாக. முழுசு! வெட்டவே வேண்டாம்! முன்பக்கம் வீட்டுச் சுவர், பின்பக்கம் தெரு. என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் லோடு இறக்கும் மாரி அண்ணன் ஒத்தாசைக்கு வந்தார். நான் சேனலைத் தரையில் மல்லாத்திப் போட்டு, சாக்பீஸால் குறி வைத்து, டிரில்லைப் பிடித்து மளமளவென்று பன்னிரண்டு துளை போட்டேன். தூக்கி வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மல்லாத்திப் போட்டதில் வலது இடதாகியிருந்தது. மறுபடி பன்னிரண்டு. மாரி அண்ணன் சட்டத்தை வானத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஷெட்டு போட்டுக்கினு கீறியா, இட்லித் தட்டு செஞ்சிக்கினு கீறியா?"

காற்று நிபுணர்

பதினொரு வருடம் யோசனை சொன்ன பாவம் சும்மா விடுமா? நான் யாருக்கெல்லாம் சொன்னேனோ அத்தனை பேரும் வந்தார்கள். ஒருவர் நிறம் சரியில்லை என்றார். ஒருவர் வாஸ்து பார்த்தார். ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பக்கத்துக் கரும்புக் கொல்லைக்காரர் மட்டும் தினமும் டீ கிளாஸோடு வந்து, தகரக் கூரையின் நாலு மூலையையும் ஆட்டிப் பார்ப்பார். வியாழக்கிழமை கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு, எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டேன்.

"நல்லாத்தான் கீது. ஆடிக் காத்துல பறந்தாலும் கெழக்கால எங்க கொல்லையிலதான் வந்து வுழும். நானே எடுத்தாந்து குடுக்கறேன், நீ அலையாத."

வெள்ளிக்கிழமை

கார் வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, தேங்காய் உடைந்தது, தெருவே கூடி நின்றது. செல்வி புதுப் புடவையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பக்கக் கண்ணாடிகளை மடக்கி, இஞ்ச் இஞ்ச்சாக உள்ளே வந்தாள். ஒரு உரசல் இல்லை. கைதட்டல்! மாரி அண்ணன் விசிலே அடித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் கதவைத் திறந்தாள். நாலு அங்குலம் திறந்தது. அடுத்து என் முழுச் சேனல் தடுப்பு. கீறல் விழப்போகிறது! நான் பாய்ந்து கதவுக்கும் இரும்புக்கும் நடுவே கையைக் கொடுத்துவிட்டு, அய்யோ என்று அலறினேன். அந்தப் பக்கக் கதவும் நாலே அங்குலம். பின்கதவுகளும் அப்படித்தான். அப்படியே பின்னால் எடுத்துவிடலாம் என்று அவள் கியரில் கை வைத்தாள். அதற்குள் என் மாமியார், "மொத மொதல்ல வூட்டுக்கு வந்த வண்டி, பின்னால போவக் கூடாதுடி!" என்று கற்பூரத் தட்டோடு தெருப்பக்கம் மறித்து நின்றுவிட்டார். தெருவும் அவர் கட்சி.

பிறகு நடந்ததை என்னத்தைச் சொல்ல? நான் போய் டிக்கியைத் திறந்தேன். செல்வி பின் சீட்டை மடக்கி, புடவையை வாரிச் சுருட்டி, தவழ்ந்து வந்தாள். முதலில் கை வந்தது, பிறகு தலை, பிறகு மல்லிகைப் பூ, கடைசியில் ஒற்றைச் செருப்பு. இன்றோடு தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் தரையில் இறங்கி, காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவாகத் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. வீங்கிய என் விரல்களைப் பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். தெருவே சிரித்தது. என் மாமியார் சிரித்ததில் கற்பூரம் அணைந்துவிட்டது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வி சொன்னாள்:

"ஷெட்டு சூப்பருங்க. திருடன் வந்தாக்கூட டிக்கியில தவழ்ந்து பூந்துதான் திருடணும்."

போல்ட் போட்டு முடுக்கியதால் தடுப்புகள் இரண்டையும் பத்தே நிமிடத்தில் கழற்றிவிட்டோம். சனிக்கிழமை காலை அவள் கதவை அகலத் திறந்து, ஏறி உட்கார்ந்து, ஹாரன் அடித்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் புறப்பட்டாள்.

காரை அளந்தேன், கூரையை அளந்தேன், சேனலை மூன்று தடவை அளந்தேன்; காரிலிருந்து ஒருத்தி இறங்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் இந்த மேதைக்குத் தோன்றவே இல்லை.