குங்குமம் வைத்த கோழி

1. கொண்டி

வேலைக்குப் போன முதல் வாரமே ஒரு கோழி என்னால் காயப்பட்டது. கோழிப் பண்ணை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என் கெட்டித்தனத்தைவிட என் பிழைதான் உதவும். ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நீர்வேலியில், ஒரு வாழைத் தோட்டத்துக்குப் பின்னால், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பண்ணை வைத்திருந்தார். அறுபது பேட்டுக் கோழிகள், எல்லாம் வெள்ளை லெகோன் இனம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கலியாணம் முடித்து ஆறு மாதம். தீன் போடுவது, தண்ணீர் வைப்பது, பின்னேரம் கூட்டை அடைப்பது என் வேலை. முட்டை பொறுக்கிக் கூடு கூட்டுவதற்குச் செல்லம்மாக்கா என்று ஒருவர் வருவார். வாய் கொஞ்சம் நீளம்.

நாங்கள் மச்சம் மாமிசம் தின்னாத குடும்பம். "வளர்க்கிற வேலைதான், வெட்டுற வேலை இல்லை" என்று மனைவிக்குச் சொல்லித்தான் இந்த வேலையை ஏற்றேன்.

அன்று பின்னேரம் கோழிகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தும்போது அம்மன் கோயில் மணி கேட்டது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டேன். பூசை தவறிவிடுமே என்று அப்படியே ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. கொண்டி போடவில்லை.

விடிய வந்தால் கதவு ஒரு சாண் திறந்து கிடக்கிறது. மரநாய் வந்திருக்கிறது. வீட்டு நாய் குரைத்ததில் பிடித்ததை விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஒரு பேடு தீன்பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. முதுகில் உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. அதைச் சுற்றி நின்ற அதன் கூட்டாளிகள் அந்தப் புண்ணையே கொத்திக்கொண்டு நின்றன. மரநாயைவிட அதுதான் என்னைக் கலக்கியது.

தபாலதிபர் ஐயா வந்தார்.

"கொண்டி ஆர் போடேல்லை?"

"நான்தான் ஐயா."

கொஞ்சம் ஏசினார். பிறகு கோழியைப் பார்த்தார். "உந்தக் கோழியை மற்றதுகள் இனிச் சேர்க்காதுகள். சட்டிக்குத்தான்."

"என்னட்டைத் தாங்கோ ஐயா. நான் புண்ணை மாத்திக் கூட்டத்தோடை சேர்த்துவிடுறன்."

"அடுத்த மாசம் முதல் ஞாயிறு மருமோன் கொழும்பிலை இருந்து வாறார். அதுக்குள்ளை சேர்ந்தால் உன்ரை கெட்டித்தனம். சேராட்டி அவருக்குக் குழம்பு."

"ஓம் ஐயா" என்றேன். நான் கும்பிட ஓடியதால் ஓர் உயிர் போனால், பிறகு எந்த முகத்தோடு அந்த வாசலில் நிற்பது?

2. கரப்பு

கோழியைத் தனியாக ஒரு கரப்புக் கூடையால் மூடி, தீன் கொட்டிலுக்குள் வைத்தேன். காலையும் மாலையும் புண்ணை உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினேன். வேப்பெண்ணெய் முக்கியம், ஈ அண்டாது. ஈ இருந்தால் புழு. முதல் இரண்டு நாள் அது தின்னவில்லை. அரிசிக் கஞ்சியைச் சிரட்டையில் வைத்து, என் விரலை நனைத்துச் சொண்டில் துளித்துளியாக விட்டேன். மூன்றாம் நாள் என் விரலையே கொத்தியது. வலித்தது. சந்தோசமாக இருந்தது.

"பெண்சாதிக்குக் கஞ்சி பருக்கினனியோ எப்பவாவது?" என்று செல்லம்மாக்கா கேட்டார்.

3. குங்குமம்

மூன்று கிழமையில் புண் ஆறி, இளஞ்சிவப்புத் தோலில் இறகுக் குருத்துகள் தெரிந்தன. அன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்க் கோழிக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டபோது என்னுடையதைச் சொன்னேன். குங்குமத்தை வாழையிலைத் துண்டில் மடித்து வந்து, ஆறிய தோலில் நன்றாகப் பூசி, "தாயே, நீதான் காவல்" என்று சொல்லிக் கூட்டத்துக்குள் விட்டேன்.

வெள்ளைக் கோழியில் சிவப்பு. மற்ற ஐம்பத்தொன்பதும் திரும்பிப் பார்த்தன. அடுத்த நொடி அதன்மேல் நின்றன.

நான் கத்த, செல்லம்மாக்கா விளக்குமாற்றோடு ஓடிவந்தார். இழுத்து எடுத்தபோது ஆறிய இடத்தில் இரண்டு மூன்று துளி இரத்தம்.

"கோழிக்குப் பொட்டு வைச்சவன் உலகத்திலை நீ ஒருத்தன்தானடா தம்பி! அதுகளுக்கு அம்மனைத் தெரியுமே? சிவப்பைத்தான் தெரியும். துடை கெதியா!"

"அம்மன்ரை குங்குமத்தைத் துடைக்கிறதோ அக்கா?"

"அம்மன் பொறுப்பா. உதுகள் பொறாதுகள்."

என் சால்வையால் துடைத்தேன். அக்கா அடுப்படிக்குப் போய்ச் சட்டிக்கரியைச் சுரண்டி வேப்பெண்ணெயில் குழைத்து வந்தார். சிவப்புத் தெரியாமல் முதுகில் கறுப்பாக அப்பினோம். "இப்ப ஒருத்தியும் திரும்பிப் பாக்கமாட்டாளவை" என்றார்.

முதல் ஞாயிறுக்கு ஒன்பது நாள் இருந்தது.

4. கம்பிவலை

இந்த முறை மணி கேட்டாலும் அவசரப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். கூட்டுக்குள்ளேயே ஒரு மூலையைக் கம்பிவலையால் மறித்துக் கோழியை அதற்குள் விட்டேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகத் தீன் போட்டேன். ஒன்றையொன்று பார்த்தன, கொத்த முடியவில்லை. இரண்டு நாள் வலைக்கு வெளியே நின்று சண்டித்தனம் காட்டியவை மூன்றாம் நாள் சலித்துப் போயின. நாலாம் நாள் சாதுவான பேடு ஒன்றைப் பிடித்துத் துணைக்கு உள்ளே விட்டேன். இரண்டும் ஒரே சிரட்டையில் தண்ணீர் குடித்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை பொழுதுபட, கோழிகள் பரண்தடியில் ஏறிக் கண்மூடும் நேரத்தில், இரண்டையும் மெல்லத் தூக்கி மற்றவற்றுக்கு நடுவில் இருத்தினேன். கண் தெரியாத நேரத்தில் கோழிக்குப் பகை இல்லை. விடிய எழும்பும்போது பக்கத்தில் இருப்பது பழைய ஆள் போலத்தான். சனிக்கிழமை முழுநாளும் பார்த்துக்கொண்டு நின்றேன். தீன்பெட்டியில் ஒருமுறை தலையில் ஒரு கொத்து வாங்கியது. அது எல்லோருக்கும் விழுகிற கொத்து.

ஞாயிறு காலை, மருமகன் வந்து இறங்கிய கையோடு ஐயா வந்தார். கோழிகள் வெளியே செம்மண்ணில் புழுதி குளித்து எழும்பி நின்றன. வெள்ளை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரியும் எண்ணெயும் பூசிய முதுகில்தான் மண் நன்றாக ஒட்டியிருந்தது.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்கையடாப்பா அது?"

"உதுக்குள்ளைதான் ஐயா நிக்குது."

"எது?"

நான் காட்டவில்லை. அவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அறுபது.

"பிள்ளை, கத்தரிக்காய்க் குழம்பை வையும்" என்று வீட்டுப் பக்கம் திரும்பி மகளுக்குக் குரல் கொடுத்தார்.

அந்தப் பண்ணையில் பதினாலு வருசம் வேலை செய்தேன். பின்னேரம் அம்மன் கோயில் மணி அதே நேரத்துக்குத்தான் கேட்கும். கொண்டியைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு கை தூக்குவேன். பூசைக்குப் பல நாள் பிந்தித்தான் போயிருக்கிறேன். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.