சூடு பார்க்க வந்தவர்

சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டில் என் கணினி, ஞாயிறுதோறும் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து பேசும்போது பாதியில் அணைந்துவிடும். அதைப் பழுதுபார்க்க வந்தவரிடம் பெயர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். பெரிய தொப்பை, சட்டைப்பையில் சின்ன ஸ்குரூடிரைவர். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடுவார்.

கணினியின் சூட்டைக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டார். எண் தொண்ணூறைத் தாண்டிச் சிவந்தது. நம்பாமல் அதை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டார். அதுவும் அதையேதான் சொன்னது.

“ரெண்டும் பொய் சொல்லாது லா. காத்து வெளிய போகல. பின்னாடி பாக்கணும், ஆன்ட்டி.”

எனக்கு வியர்த்துவிட்டது. மழையில் துணி காயவில்லை என்று, கோயிலுக்குப் போடும் ரவிக்கையைப் பெட்டிக்குப் பின்னால், சூடான காற்று வரும் இடத்தில், வாராவாரம்போல் அன்றும் மாட்டியிருந்தேன்.

“பின்னாடி ஒரே தூசி தம்பி, வேணாம்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“சரி, நான் வெளிய போய் ஒரு போன் பேசிட்டு வரேன். கொஞ்சம் நேரமாகும்.”

அவர் போனதும் ரவிக்கையை உருவித் தலையணை உறைக்குள் திணித்தேன். அவர் திரும்பி வந்தபோது எண் இறங்கிப் பச்சையாகியிருந்தது. அவர் புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. இனிமே சிவப்பாச்சுன்னா அந்தத் தூசிய மட்டும் எடுத்துடுங்க, ஆன்ட்டி.”

மகள் இப்போது ஆசை தீரப் பேசிவிட்டுத்தான் வைக்கிறாள். எனக்குத்தான் ஒன்று விளங்கவில்லை. வெளியே போய் அவர் எதில் பேசினார்? அவருடைய கைப்பேசி அவ்வளவு நேரமும் என் மேசைமேல்தான் இருந்தது.