கடல் இல்லாத ஊரில் துருப்பிடித்த டிக்கி

எனக்குக் கார் சொந்தமாக இருந்ததில்லை. ஓட்டவும் தெரியாது. ஆனாலும் கார் பராமரிப்பு பற்றி நான் பேச ஆரம்பித்தால், கார் வைத்திருப்பவர்கள் மெல்ல எழுந்து செருப்பைத் தேடுவார்கள். எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பழைய பேப்பர் கடையில் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. ஒரு மோட்டார் காரை அதன் ஆயுள் முழுக்க எப்படிக் காப்பாற்றுவது என்று வெள்ளைக்காரர் ஒருவர் தாயுள்ளத்தோடு எழுதியிருந்தார். மொகலாயர்களை அந்தரத்தில் விட்டுவிட்டு அதைப் படித்தேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கவே கடைக்குப் போகிறவன், கார்புரேட்டரின் உள்மனதை அறிந்துகொண்டேன்.

கற்றதைச் சொல்ல ஒரு காதும் வாய்த்தது. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். நெசவாளர் குடும்பத்தில் தறிக்குழியை விட்டு வெளியே ஏறியவர் அவர் ஒருவர்தான். ஊரில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களைச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வருவதும், புடவை மூட்டையோடு திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் தொழில். தை, மாசி, வைகாசி முகூர்த்த மாதங்களில் அவரைப் பிடிக்க முடியாது. மற்ற மாதங்களில் காரின் அடியில் பிடிக்கலாம்.

அவர் அந்தக் காரை வைத்திருந்த விதத்தைப் பார்த்து என் மனைவி, அண்ணிக்கு இதில் பாதி கவனிப்பு கிடைத்தால் போதும் என்பாள். காலையில் எழுந்ததும் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். ஆயில் குச்சியை உருவி, வேட்டி முனையில் துடைத்து, மறுபடி விட்டு, வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கிறதே, அதன்மேல் வெந்நீர் ஊற்றித் தேய்த்து கிரீஸ் தடவுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குக் குளியல். உள்ளே, வெளியே, டிக்கி எல்லாம். பட்டுப் புடவை போகிற இடம் என்பதால் டிக்கிக்குத் தனி மரியாதை. அதன் தரையில் இருந்த சின்னத் துளைகள் வழியாகப் புழுதி ஏறி மூட்டையில் படிகிறது என்று, நூல் கழிவைத் திரித்து அவற்றை நன்றாக அடைத்திருந்தார். மேலே ரப்பர் விரிப்பு, அதன்மேல் பாய், பாயின்மேல் வெள்ளைத் துணி.

ஒரு மார்கழி மாதக் காலையில் அவர் டிக்கியின் விரிப்பைத் தூக்கியபோது, கீழே தெரு தெரிந்தது.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தேன். உள்ளங்கை போகும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் தகடு அப்பளம்போல அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது.   டாக்ஸிக்கு வருஷத்துக்கொரு முறை எஃப்.சி. வாங்க வேண்டும், வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. அந்த மாதக் கடைசியில் வேலூருக்குப் போய் வண்டியைக் காட்டியாக வேண்டும். ஊர் முழுக்க ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கும் அதிகாரி, கையில் திருப்புளியோடு அடிப்பக்கத்தைக் குத்திப் பார்ப்பதில் பெயர்போனவர். எஃப்.சி. இல்லையென்றால் தை முகூர்த்தம் இல்லை. தை முகூர்த்தம் இல்லையென்றால் மச்சான் தம் அண்ணன் வீட்டுத் தறிக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

அண்ணனும் செய்தி கேட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"தறிக்குழி அப்படியேதாண்டா கீது," என்றார் ஆறுதலாக. "எலி கூட குடி வரல. எப்ப வேணா வந்து எறங்கு."

மச்சான் விரிப்பை மூடிவிட்டார்.

என்னைப் பிடித்தது வேறொரு கேள்வி. ஓட்டையை அடைப்பது, தகடு தட்டி ஒட்டுகிற டிங்கரின் வேலை. ஆனால் ஓட்டை ஏன் வந்தது? கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் இரும்பு கரையும் என்பது தெரிந்ததே. ஆரணியில் ஏது கடல்? எங்கள் கமண்டல நாகநதியிலேயே வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும்.

காரணம் சொல்ல ஆள் பஞ்சம் இல்லை. எதிர்வீட்டு அரிசி மில்காரர், பக்கத்துச் சாயப்பட்டறையின் அமிலப் புகை என்றார். சாயப்பட்டறைக்காரர், நெல் அவிக்கிற நீராவி என்றார். டிங்கர், இப்போது வருகிற தகட்டில் இரும்பே இல்லை என்றார். இரும்பே இல்லாவிட்டால் துரு எப்படி வரும் என்று கேட்டேன், அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. தெருநாய் ஒன்றின்மேலும் சந்தேகம் இருந்தது. நாய் பின் சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டதால் அதை விட்டுவிட்டோம்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் அடியில் நுழைந்தேன். திருப்புளியின் கைப்பிடியால் ஒவ்வோர் இடமாகத் தட்டினேன். ஓட்டுநர் காலடியில் கணீரென்றது. பின்சீட்டுக்குக் கீழேயும் கணீர். டிக்கியின் தரைக்கு வந்ததும் பொத்தென்றது, நாள்பட்ட முறுக்கைக் கடித்ததுபோல. திருடன் வீடு முழுக்கச் சுற்றாமல் ஒரே ஓர் அறைக்கு மட்டும் வந்து போயிருக்கிறான். சாயப்பட்டறைப் புகை என்றால் முதலில் போக வேண்டியது முன்பக்கம். வண்டி எப்போதும் பட்டறையைப் பார்த்துத்தான் நின்றது. நீராவி என்றால் முழு வண்டியும் நனைந்திருக்க வேண்டும். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மச்சானுக்கு அப்படி இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்துத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து துரு பற்றிய அத்தியாயத்தைப் புரட்டினேன். குளிர்நாடுகளில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்களாம். அது வண்டிக்கு அடியில் ஒட்டித் தகட்டைத் தின்றுவிடுமாம். இதை மச்சானுக்குத் தமிழில் சொன்னேன். தின்கிற உப்பை ரோட்டில் போடுகிறார்களா என்று அவர் முகம் சுளித்தார். நம் ஊருக்குப் பொருந்தாத விஷயம் என்று நானும் தாண்டிப் போனேன்.

தாண்டிப் போவதற்குப் பக்கத்தைத் திருப்ப வேண்டும் அல்லவா? எனக்கு ஒரு கெட்ட பழக்கம். விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் திருப்புவேன். அதுவரை டிக்கிக்குள் துழாவிக்கொண்டிருந்த விரல் அது.

துருவின் சுவை எப்படி இருக்கும் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. ஆனால் இது துரு மட்டும் அல்ல என்று என் நாக்கு சொன்னது. ஊறுகாய் ஜாடியின் விளிம்பை நக்கியதுபோல இருந்தது. மறுபடி டிக்கிக்குள் விரலை விட்டு, இம்முறை ஆராய்ச்சி மனப்பான்மையோடு, நக்கினேன். ‘என் தங்கையின் வாழ்க்கை இவரிடமா போயிற்று’ என்பதுபோல மச்சான் பார்த்தார்.

"மச்சான், உப்பு," என்றேன். "டிக்கியில உப்பு எப்படி வந்தது?"

 அவர் விரிப்பை முழுதாக உருவி வெளியே போட்டார். மூலைகளில், ஓரப் பள்ளங்களில், துரு நிறம் ஏறிய கல்லுப்பு பாறையாக இறுகிக் கிடந்தது.

"அது கல்யாண உப்பு மாப்ள," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் கல்யாண ஜவுளிக்கு வருகிறவர்கள் நேராகப் பட்டுக் கடைக்குப் போக மாட்டார்கள். முதலில் மளிகைக் கடை. அங்கே உப்பும் மஞ்சளும் வாங்கிய பிறகுதான் புடவை. உப்பை வெறும் காகிதப் பொட்டலமாகவோ துணிப்பையிலோ தருவார்கள். உப்பு என்றால் லட்சுமி; காலடியில் வைக்கக் கூடாது என்று மச்சான் அதை வாங்கி மரியாதையாக டிக்கியில் வைப்பார். பொட்டலம் கசியும். இத்தனை வருஷத்தில் இத்தனை கல்யாணம். ஒவ்வொரு மணப்பெண்ணும் டிக்கியில் ஒரு பிடி விட்டுப் போயிருக்கிறாள்.

சிந்தியதைப் பெருக்கித் தள்ளியிருக்கலாமே என்றேன்.

"இன்னா மாப்ள, படிச்சவரு பேசற பேச்சா இது? மகாலட்சுமிய தொடப்பத்தால கூட்டி ரோட்ல தள்ளச் சொல்றீங்களா?"

ஆக, பெருக்கவில்லை, விரிப்பால் மூடினார். வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தண்ணீர் வடிந்து போக வண்டி செய்தவன் விட்டிருந்த துளைகளையோ நூலால் அடைத்தாயிற்று. கடல் இல்லாத ஊரில் மச்சான் ஒரு சின்னக் கடலை டிக்கிக்குள் வைத்து, வாரம் ஒரு முறை தண்ணீரும் விட்டு வளர்த்திருக்கிறார். வண்டியைக் கவனிக்காத சோம்பேறியாக இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும்.

இதை நான் உரக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே டிங்கரைப் பகைத்துக்கொண்டிருந்தேன்.

உப்பை வெளியே எடுப்பதிலும் சிக்கல். சாக்கடையில் கொட்டக் கூடாது, மிதிபடும் இடத்திலும் போடக் கூடாது. ஆற்றில் கரைக்கலாம் என்றால் மார்கழியில் முழங்காலளவு தண்ணீர் தேட ஆற்றோடு வெகுதூரம் போக வேண்டும். கடைசியில் அவர் வீட்டுப் பின்புறத் தென்னை கைகொடுத்தது. தென்னைக்கு உப்புப் போடுவது உண்டுதானே. மச்சான் கையாலேயே கல்லைப் பெயர்த்துப் பித்தளைத் தாம்பாளத்தில் எடுத்து வைக்க, நான் சுமந்துபோய் மரத்தின் தூரில் கொட்டினேன். சீர்வரிசை எடுத்துப் போவதுபோல இருந்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அடைப்பைப் பிடுங்கிவிட்டு, நல்ல தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். வடிந்த தண்ணீரின் சுவையை நானே சோதித்துச் சான்றளித்தேன்.

டிங்கர் வந்து, பட்டி வைத்துப் பூசி பெயிண்ட் அடித்தால் இரண்டு நாளில் ஓட்டை இருந்த இடமே தெரியாது என்றார். எஃப்.சி.க்கும் நாள் குறைவாகத்தான் இருந்தது. மச்சான் யோசித்தார். பிரேக் இன்ஸ்பெக்டரின் திருப்புளிக்குத் தெரியும் என்றார். அப்புறம், பூச்சு விட்டுப்போனால் யாராவது பட்டு மூட்டையை நடுவழியில் தொலைத்துவிட்டு அழுவார்கள் என்றும் சொன்னார். அழுகியதை முழுக்க வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து கேஸ் வெல்டிங் செய்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு. அடிப்பக்கம் முழுக்கக் கழிவு ஆயிலைத் தேங்காய் நாரால் பூசி, செய்யார் ரோட்டின் மண் ஓரத்தில் வேகமாகப் போய் வந்தோம். ஈர எண்ணெயில் புழுதி அப்பி ஒரு தோலாக இறுகும். அதற்குமேல் தண்ணீர் ஏறாது. இது என் புத்தகத்தில் இல்லாத வித்தை. அன்று பின்னால் சைக்கிளில் வந்தவர்கள் சொன்னதும் எந்தப் புத்தகத்திலும் இல்லாததுதான்.

வேலூருக்கு நானும் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியாக, பல்வலிக்காரர்போல இருந்தார். குனிந்து அடியில் குத்தினார். டிக்கியைத் திறந்து புதுத் தகட்டைப் பார்த்தார்.

"கடலோரம் ஓட்டிகினு இருந்தியா?"

"இல்ல சார். ஆரணி."

"ஆரணியில ஏதுய்யா இந்தத் துரு?"

மச்சானுக்குப் பொய் வராது. கல்யாண உப்புக் கதையை ஆதியிலிருந்து சொன்னார். தென்னை மரத்தைக்கூட விடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எழுதப்போன பேனாவை நிறுத்தினார்.

"சரி, தையில பார்ட்டி வருவாங்க. உப்பு வாங்குவாங்க. அத இனிமே எங்க வெப்ப?"

இத்தனை நாளில் இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. டிக்கியில் என்றால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். காலடியில் என்று சொல்ல மச்சானுக்கு நாக்கு எழாது.  அவர் என்னைப் பார்த்தார்.

"மாப்ள மடியில சார்," என்றார்.

இன்ஸ்பெக்டர் என் மடியைச் சற்று நேரம் ஆய்வு செய்தார். அதில் குறை ஒன்றும் தென்படவில்லை போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில், சும்மா வாய்க்கு வந்ததைத்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். சர்க்கார் ஆபீஸில் சொன்ன வார்த்தை என்றார் மச்சான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். வீட்டில் என் மனைவி முழுக் கதையையும் கேட்டுவிட்டு உள்ளே போய், மூடியுள்ள ஒரு பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உப்ப யாருனா தகரத்துல வெப்பாங்களா?" என்றாள். துரு பற்றிய அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது.

ஆக, அந்தத் தை, மாசி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முன்சீட்டில், மடியில் உப்பு ஜாடியோடு உட்கார்ந்திருந்தேன். பிரேக் போடும்போதெல்லாம் கட்டிப் பிடித்துக்கொள்வேன். புத்தகம் படிக்க முடியாது, கை ஒழியாது. இவர் யார் என்று ஏறுகிறவர்கள் கேட்பார்கள். உப்புக்காக வந்திருக்கிறார் என்பார் மச்சான். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. தாய்மாமன்கள் மட்டும் முன்சீட்டு போனதில் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். மணப்பெண்களின் அம்மாக்கள் இறங்கும்போது ஜாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவசரத்தில் ஒருத்தி என் முழங்காலையும் தொட்டு ஒற்றிக்கொண்டாள்.

பள்ளி வேலை நாட்களில் ஜாடியை மச்சான் தம் சீட்டுக்குப் பக்கத்தில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டார். ஆனால் சில பார்ட்டிகள், போன தடவை உப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர் வருவாரா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி பேசினார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம் நன்றாக நடந்ததாம். எம்.ஏ. படித்ததற்கு எனக்குக் கிடைத்த தனிப்பட்ட அங்கீகாரம் அது ஒன்றுதான்.

அடுத்த வருஷ எஃப்.சி.க்கு அதே இன்ஸ்பெக்டர். டிக்கியைத் திறந்தார். விரிப்பைத் தூக்கித் திருப்புளியால் ஓங்கிக் குத்தினார். கணீரென்றது. மூலையில் குத்தினார். அங்கும் கணீர்.  மச்சான் எஃப்.சி. தாளைக் கையில் வாங்கியதும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தை மொத ஞாயித்துக்கெழம உங்களுக்கு வேல ஒண்ணும் இல்லியே மாப்ள?"